மேசையை விட்டு எழுந்து வாசகருக்கு உதவுவது எப்படி?

சேலத்துக் கிளை நூலகங்களில் உதவி தேவைப்படும் வாசகர்களில் பலர் நூலகரின் மேசை வரை வருவதில்லை. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை முடித்து வருபவரும், பள்ளிக்கூடப் பையோடு வரும் மாணவியும், "இதைப் போய்க் கேட்பதா" என்ற தயக்கத்திலேயே திரும்பிவிடுகிறார்கள். 1931-இல் வெளியான நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். அரங்கநாதனின் ஐந்து நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்கிறது. அதை நிறைவேற்ற நூலகர்தான் எழுந்து செல்ல வேண்டும்.

நாள் முழுவதும் நடக்கத் தேவையில்லை. கூட்டம் மிகும் மாலை வேளையில், கலைந்த நூல்களை அடுக்கியபடி அலமாரிகளுக்கிடையே ஒரு சுற்று வந்தாலே போதும். கையில் வேலை இருந்தால் கண்காணிக்க வந்ததாக யாரும் எண்ணமாட்டார்கள். ஒரே தட்டை மீண்டும் மீண்டும் பார்ப்பவர், கைபேசியையும் நூல் முதுகையும் மாறி மாறி நோக்குபவர் ஆகியோரிடம், முதுகுப் புறமாக அல்லாமல் பக்கவாட்டில் சென்று பேசுங்கள். "ஏதாவது உதவி வேணுங்களா?" என்றால் பெரும்பாலும் "இல்லைங்க" என்றே பதில் வரும். "எதைப் பத்திப் பாக்கறீங்க, ஐயா?" என்று கேட்டால் அவர் பேசத் தொடங்குவார்.

முதலில் கேட்கப்படுவது பெரும்பாலும் உண்மையான கேள்வியாக இருப்பதில்லை. ஏற்காட்டுச் சிறு விவசாயி ஒருவர் "காப்பி புத்தகம்" கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி பகுப்பில் 633.73 என்ற காப்பிக்குரிய எண்ணைச் சொல்லித் தட்டைச் சுட்டிக்காட்டினால், அவர் காப்பியின் வரலாற்றைப் புரட்டிவிட்டுப் போய்விடக்கூடும். "செடிக்கு என்ன ஆச்சுங்க?" என்று கேட்டால்தான், இலை மஞ்சளாகி வாடுவதும் தண்டில் மேடு மேடாகத் தெரிவதும் வெளிவரும். அராபிகா செடியைத் தாக்கும் வெள்ளைத் தண்டுத்துளைப்பான் என்ற பூச்சியாக அது இருக்கலாம். ஆயினும் நோயை முடிவு செய்வது நூலகரின் வேலையன்று. பூச்சிகளைப் பற்றிய பகுதியை அவரோடு நின்று எடுத்துக்கொடுத்து, ஏற்காட்டிலுள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துக்கு வழிகாட்ட வேண்டும். அங்கே என்ன சொல்ல வேண்டும் என்பதையும் ஒரு தாளில் எழுதித் தருவது நல்லது.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களின் அறையில் மட்டும் நீங்களாகப் பேச்சுக் கொடுக்காதீர்கள்; தலை நிமிர்ந்து பார்ப்பவரிடம் தாழ்ந்த குரலில் பேசினால் போதும். மேசையில் ஆள் இல்லாத நேரத்தில், "நூலகர் அலமாரிப் பகுதியில் இருக்கிறார்" என்ற அட்டையை வைத்துவிட்டுச் செல்லுங்கள்.

சேர்வராயன் மலைச் சிற்றூர்களுக்கு நூலகச் சேவையைக் கொண்டு செல்லும்போது, எஸ்டேட் வேலை முடிந்து மக்கள் வீடு திரும்பும் நேரத்தைத் தேர்ந்தெடுப்பதே முறை. பகல் பத்து மணிக்குச் சென்று ஆளில்லை என்று வருந்துவதில் பயனில்லை. கைபேசிச் சமிக்ஞை கிடைக்காத இடங்கள் இருப்பதால், உதவித்தொகை, பட்டா, பள்ளிப் பாடம் தொடர்பான பக்கங்களை முன்னதாகவே பதிவிறக்கியோ அச்சிட்டோ எடுத்துச் செல்லுங்கள். மோட்டார் வண்டி இல்லையென்றும் தயங்க வேண்டாம். 1931-இல் மன்னார்குடியில் மாட்டுவண்டியிலேயே நூல்கள் ஊர் ஊராகச் சென்றன.

நோய், கடன், குடும்ப வழக்கு பற்றிய கேள்வியென்றால், பிறர் காதில் விழாத இடத்துக்கு அழைத்துச் சென்று பேசுங்கள். அன்றன்று வந்த கேள்விகளைப் பெயரில்லாமல் ஒரு குறிப்பேட்டில் எழுதி, விடை கிடைக்காதவற்றின் அருகில் குறியிட்டு வைத்தால், அடுத்த கொள்முதல் பரிந்துரையில் எந்த நூல்களைக் கேட்பது என்பது தெளிவாகும்.