மோவாயில் முடி, மாநிறத் தோல்: லேசருக்குப் போகும் முன்

பார்லரில் மாதம் இரண்டு தடவை த்ரெட்டிங் போட்டு அலுத்துப்போச்சு, பேசாமல் லேசர் பண்ணிவிடலாமா என்று யாராவது கேட்டால் நான் முதலில் திருப்பிக் கேட்பது, பீரியட்ஸ் ஒழுங்காக வருகிறதா என்பதுதான். சம்பந்தமில்லாத கேள்வி மாதிரித் தெரியும். ஆனால் மேல் உதடு, மோவாய், தாடையோரம், கழுத்து என்று கறுப்பாகத் தடிப்பாக முடி முளைக்கிறதென்றால் பெரும்பாலும் பின்னால் ஹார்மோன் இருக்கும், அதிலும் நாம் நீர்க்கட்டி என்று சொல்கிற பிசிஓஎஸ்தான் அதிகம். லேசர் இப்போது இருக்கிற வேரைச் சுடும், அவ்வளவுதான். புதிதாக முளைக்க வைக்கிற ஹார்மோன் அதன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும். அதனால் முதலில் டெஸ்டோஸ்டிரோன், தைராய்டு, வயிற்று ஸ்கேன் என்று டாக்டர் எழுதித் தருவதைப் பார்த்துவிடுங்கள். சில மாதங்களுக்குள் சடசடவென்று முடி வளர்ந்து, குரலும் தடித்து, தலைமுடி முன்பக்கம் கொட்டுகிறது என்றால் லேசரை மறந்துவிட்டு உடனே டாக்டரிடம் போங்கள், அது வேறு விஷயமாக இருக்கலாம்.

இன்னொரு காரணத்தை யாரும் கேட்பதே இல்லை. மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கி, முகம் வெளுக்கிறதே என்று மாதக்கணக்கில் பூசும் கிரீம்கள். அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது, முகத்தில் முடி வளர்வது அதன் பக்கவிளைவுகளில் ஒன்று. டியூபைத் திருப்பி, மருந்தின் பெயர் பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபீட்டசால் என்றிருந்தால் அதையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

சரி, லேசர் என்ன செய்கிறது? முடியில் இருக்கும் மெலனின் என்ற கறுப்பு நிறமி அந்த ஒளியை உறிஞ்சிச் சூடாகிறது, அந்தச் சூடு வேர்க்காலைப் பொசுக்குகிறது. எனவே கறுத்த, தடித்த முடிக்குத்தான் நல்ல பலன். நரைமுடி சிக்கவே சிக்காது. முடி வளர்ந்துகொண்டிருக்கும் பருவத்தில் அடித்தால்தான் வேர் வரை சூடு இறங்கும், ஆனால் ஒரே நேரத்தில் எல்லா முடியும் அந்தப் பருவத்தில் இருப்பதில்லை, ஆகவேதான் ஒரே தடவையில் முடிகிற வேலையாக இது இல்லை. பொதுவாக 6 முதல் 8 தடவை, முகத்துக்கு 4 முதல் 6 வார இடைவெளி, கை காலுக்கு அதைவிடக் கொஞ்சம் அதிகம். ஹார்மோன் கோளாறு இருந்தால் இதற்கு மேலேயும் போகும், முடிந்த பிறகும் அவ்வப்போது ஒரு தடவை போய்வர வேண்டியிருக்கும். 'இனி ஜென்மத்துக்கும் முளைக்காது' என்று யாராவது எழுதி ஒட்டியிருந்தால் நம்பாதீர்கள். மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கட்டுப்படுத்தும் அமெரிக்காவின் எஃப்டிஏ கூட இந்த மெஷின்களுக்கு, முடியை நிரந்தரமாகக் குறைக்கும் என்று சொல்லிக்கொள்ளத்தான் அனுமதி தருகிறது, அடியோடு நீக்கும் என்று சொல்ல அல்ல.

மெஷின் பெயரைக் கேளுங்கள்

நம்மில் பலர் கேட்காமல் விடுவது இதைத்தான். முடியில் இருக்கும் அதே மெலனின் தோலிலும் இருக்கிறது, நம் தோலில் தாராளமாகவே இருக்கிறது. வெள்ளைத் தோலில் கறுப்பு முடி இருந்தால் லேசருக்குக் குழப்பம் இல்லை. மாநிறத்திலும் கறுப்பிலும் ஒளியின் ஒரு பகுதியை மேல்தோலே பிடித்துக்கொள்ளும், அப்படிப் பிடித்தால் கொப்புளம், கரும்புள்ளி, சில சமயம் வெள்ளைத் தழும்பு. ஒளியின் அலைநீளம் கூடக் கூட மேல்தோல் அதைப் பிடிப்பது குறையும், ஒளியும் ஆழமாக இறங்கும். அந்த நீளத்தை நானோமீட்டரில் சொல்வார்கள். 755 நானோமீட்டர் அலெக்சாண்ட்ரைட் என்ற லேசர் வெளுத்த தோலுக்கு ஏற்றது. 810க்குப் பக்கத்தில் இருக்கும் டயோடு லேசர், தோலுக்குக் குளிரூட்டலும் ஒளியின் சக்தி சரியான அளவிலும் இருந்தால் மாநிறத்துக்குச் சரிவரும். நல்ல கறுப்பு என்றால் 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர்தான் பத்திரம், என்ன, மெல்லிய முடியில் அதன் வேகம் கொஞ்சம் குறைவு, இரண்டு தடவை கூடுதலாகப் போக வேண்டிவரலாம். பரவாயில்லை, தழும்போடு வருவதற்கு அது எவ்வளவோ மேல்.

ரிசப்ஷனில் கேட்டால் 'லேட்டஸ்ட் மெஷின் மேடம், பெயின்லெஸ்' என்பார்கள். அது பதில் இல்லை. என்ன வகை, என்ன அலைநீளம், ஐபிஎல்லா லேசரா, கையில் பிடித்து அடிக்கப்போவது யார், மேற்பார்வையில் தோல் டாக்டர் இருக்கிறாரா என்று கேளுங்கள். டாக்டரின் பதிவு எண்ணை வாங்கி, தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஐபிஎல் என்பது லேசரே அல்ல, பல அலைநீளங்கள் கலந்த பளிச் வெளிச்சம், கறுத்த தோலில் சுட்டுவிடும் வாய்ப்பு அதிகம். வீட்டில் வைத்துச் செய்ய ஆன்லைனில் விற்பவையும் பெரும்பாலும் இந்த வகைதான், பெட்டியிலேயே தோல் நிறத்துக்கான அட்டவணை இருக்கும், கறுப்பு ஓரத்துக்கு வேண்டாம் என்று போட்டிருக்கும், அதைப் படிக்காமல் வாங்கிவிடாதீர்கள்.

முழு பேக்கேஜுக்கு முதல் நாளே பணம் கட்டவும் வேண்டாம். காதுக்குக் கீழே, தாடையோரம் மாதிரி மறைவான இடத்தில் இரண்டு மூன்று அடி அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கறுத்த தோலில் கருமை சில நாள் கழித்துத்தான் எழும்பி வரும், ஒரு வாரமாவது பொறுத்துப் பாருங்கள். 'பேட்ச் டெஸ்ட் எல்லாம் தேவையில்லை' என்கிற இடத்தில் எழுந்து வந்துவிடலாம்.

ஷேவிங் என்றதும் பயப்படாதீர்கள்

முதல் தடவைக்கு 4 வாரம் முன்பிருந்து எல்லாத் தடவையும் முடியும் வரை த்ரெட்டிங், வேக்சிங், ப்ளக்கிங் எல்லாம் நிறுத்த வேண்டும். வேரோடு பிடுங்கிவிட்டால் லேசருக்குப் பிடிமானமே இல்லை. ப்ளீச்சும் கூடாது, அது முடியின் கறுப்பையே எடுத்துவிடும். அப்படியானால் அத்தனை மாதம் மோவாய் முடியோடு ஆபீஸுக்கும் கல்யாண வீட்டுக்கும் எப்படிப் போவது? ஷேவ் செய்துகொள்ளலாம். இதைச் சொன்னதும் பாதிப் பேர் 'அய்யோ, மீசை முளைச்சிடும்' என்பார்கள், அம்மா பாட்டி காலத்திலிருந்து வந்த பயம். ரேசர் முடியை மேலாகத்தான் வெட்டுகிறது, வேர்க்காலுக்கு அது வெட்டுப்பட்ட சங்கதியே தெரியாது. முடியின் கூர்மையான நுனி போய் மழுங்கலாக வெளியே வருவதால் கைக்குச் சொரசொரவென்று படுகிறது, தடிப்பாகிவிட்டது போலத் தோன்றுகிறது. முகத்துக்கென்று விற்கும் சின்ன ரேசரை வாங்கி, கற்றாழை ஜெல்லோ சோப்பு நுரையோ பூசி, முடி வளரும் திசையிலேயே மெதுவாக இழுங்கள். லேசருக்கு முந்தின நாளும் இப்படித்தான் ஷேவ் செய்துவிட்டுப் போக வேண்டும், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முடியில் அடித்தால் சூடு தோலின் மேலேயே தங்கிவிடும்.

மஞ்சள் பூசிக் குளிக்கிறவர்கள் சில நாள் முன்பே நிறுத்திவிடுங்கள், தோலில் நிறம் எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது. எண்ணெய், மேக்கப்பும் வேண்டாம். வெயிலில் கறுத்திருந்தால் தேதியைத் தள்ளிப் போடுங்கள். ஸ்கூட்டி ஓட்டுகிறவர்களுக்கு முன்கையும் புறங்கையும் மேல்கையைவிட இரண்டு ஷேடு கறுப்பாக இருக்கும், ஒளியின் சக்தியை எல்லா இடத்திலும் ஒரே அளவில் வைத்தால் கறுத்த இடம் சுட்டுவிடும், அதைச் சொல்லி அளவைக் குறைக்கச் சொல்லுங்கள். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயினோ டாக்ஸிசைக்ளினோ சாப்பிடுவது, கர்ப்பம், அடிக்கடி உதட்டோரம் வரும் அக்கி, இதெல்லாம் முன்கூட்டியே டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

அன்றைக்கு

கண்ணை முழுக்க மூடும் கண்ணாடி போட்டுவிடுவார்கள், போடாவிட்டால் கேட்டு வாங்குங்கள். புருவத்துக்குக் கீழே, கண் குழிக்குள் லேசர் கூடவே கூடாது. மச்சத்தின் மேலும் பச்சை குத்திய இடத்திலும் அடிக்கக் கூடாது. ஜெல் தடவியோ குளிர்காற்று விட்டோ அடிப்பார்கள். வலி, தாளிக்கும்போது கடுகு தெறித்துக் கையில் படுமே, அந்த மாதிரி, சுரீரென்று வந்து போய்விடும். மேல் உதடுதான் மோசம், கண்ணில் நீர் வரும், தும்மல் வரும், பல்லுக்கும் உதட்டுக்கும் நடுவே ஈரத் துணி வைத்தால் கொஞ்சம் தேவலை. ஆனால் சில நிமிடத்தில் முடிந்துவிடும். முடி கருகும் வாடை கொஞ்சம் அடிக்கும், அது சகஜம். அடித்ததும் எரிச்சல் குறையாமல் ஏறிக்கொண்டே போனாலோ, தோல் சாம்பல் பூத்தது போல ஆனாலோ சகித்துக்கொண்டு படுத்திருக்காதீர்கள், நிறுத்தச் சொல்லுங்கள். மரத்துப்போகும் கிரீமை வீட்டிலேயே கால் முழுக்கப் பூசி பிளாஸ்டிக் சுற்றிக்கொண்டு போகும் வேலையும் வேண்டாம். அப்படிச் செய்த இளம்பெண்கள் இருவர் அமெரிக்காவில் இறந்தார்கள், எஃப்டிஏ 2007-ல் இதற்கென்றே எச்சரிக்கை வெளியிட்டது.

வீட்டுக்கு வந்த பிறகு வேர்க்கால்களைச் சுற்றிச் சின்னச் சின்னத் தடிப்பும் சிவப்பும் இருக்கும், நம் தோலில் சிவப்பைவிடச் சூடுதான் தெரியும். சில மணி நேரத்தில், மிஞ்சினால் இரண்டு நாளில் அடங்கிவிடும். துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். வெந்நீர்க் குளியல், ஜிம், ஸ்க்ரப் இரண்டு நாளைக்கு வேண்டாம். வெளியே போனால் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன். கொப்புளம் வந்தால் கிள்ளாமல், கண்ட கிரீமைப் பூசாமல், அடித்த இடத்துக்கே போன் போடுங்கள்.

ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் முடி கறுப்புப் புள்ளி புள்ளியாக வெளியே வரும். பணம் போச்சே என்று பதற வேண்டாம், அது வளரவில்லை, செத்த முடி உதிர்கிறது. பிடுங்காதீர்கள், முகம் கழுவும்போது தானே வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கையை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். கன்னத்தில் இருக்கும் பூனைமுடிக்கு லேசர் வேண்டாம். சிலருக்கு அந்த மெல்லிய முடி சாவதற்குப் பதில் தூண்டப்பட்டுத் தடித்துக் கறுத்து வளர ஆரம்பிக்கும். கறுத்த தோலும் ஹார்மோன் கோளாறும் இருப்பவர்களுக்கு, முகத்திலும் கழுத்திலும், இது அதிகம் நடக்கிறது. முழு முகம் பேக்கேஜ் மலிவாக வருகிறது என்று தள்ளிவிடப் பார்ப்பார்கள், மோவாய் மட்டும் போதும் என்று சொல்லிவிடுங்கள்.

கல்யாணத்துக்காகச் செய்வதென்றால் நிச்சயதார்த்தம் முடிந்து பத்திரிகை அடிக்கும்போது ஆரம்பித்தால் நேரம் போதாது, 8 மாதமாவது முன்னால் தொடங்கினால்தான் முகூர்த்தத்துக்குள் பலன் தெரியும், கடைசித் தடவைக்கும் கல்யாணத்துக்கும் நடுவே ஒரு மாதம் விடுங்கள். மோவாயில் ஏற்கெனவே நரைத்துவிட்ட முடிக்கு எலக்ட்ராலிசிஸ்தான் வழி. ஒவ்வொரு வேராக ஊசி விட்டு மின்சாரம் பாய்ச்சிச் செய்வது, நேரம் பிடிக்கும், ஆனால் நிறம் பார்க்காது.