ரூத்தின் கதையில் குடும்பக் கடமையைப் படித்தறியும் முறை

விவிலியத்தின் பழைய ஏற்பாட்டிலுள்ள ரூத்தின் புத்தகம் 4 அதிகாரங்களும் 85 வசனங்களும் கொண்டது. ஒரே அமர்வில் படித்துவிடலாம். ஆனால் பண்டைய இஸ்ரவேலில் ஒருவர் தம் குடும்பத்துக்கு என்ன கடன்பட்டிருந்தார் என்று அறிய விரும்புகிறவர், கதைக்கு முன்பாகச் சட்டங்களைப் படிக்க வேண்டும் என்றே வற்புறுத்துவேன். சட்டம் யாரிடம் எதைக் கேட்டது என்று தெரிந்தால்தான், யார் அதற்கும் மேலாகச் செய்தார்கள் என்பது புலப்படும்.

மூன்று பகுதிகள் போதும். லேவியராகமம் 19:9–10, வயலோரத்தையும் சிந்திய கதிரையும் ஏழைக்கும் பரதேசிக்கும் (அந்நியனுக்கும்) விட்டுவிடச் சொல்கிறது. லேவியராகமம் 25:25, வறுமையால் ஒருவன் விற்ற நிலத்தை நெருங்கிய உறவினன் மீட்க வேண்டும் என்கிறது. உபாகமம் 25:5–10, ஒன்றாகக் குடியிருக்கும் சகோதரரில் ஒருவன் பிள்ளையில்லாமல் இறந்தால், அவன் மனைவியைக் கொழுந்தன் மணந்து, முதற்பேறான மகனுக்கு இறந்தவன் பெயரை நிலைநிறுத்தக் கட்டளையிடுகிறது. மறுப்பவனின் பாதரட்சையை அந்த விதவை மூப்பருக்கு முன்பாகக் கழற்றி, அவன் முகத்தில் துப்புவாள். ஒவ்வொன்றிலும் கடமை யார்மேல் விழுகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தாளோடு ரூத்தின் முதல் அதிகாரத்துக்கு வந்தால், பெத்லகேம் ஊராளான நகோமியின் மோவாபிய மருமகள்கள் ஒர்பாள், ரூத் இருவர்மேலும் அந்தக் கடமைகளில் ஒன்றும் விழவில்லை என்பது தெரியும். நகோமியின் கணவன் எலிமெலேக்கும், மகன்களான மக்லோனும் (ரூத்தின் கணவன்) கிலியோனும் அயல்நாடான மோவாபில் இறந்துவிட்டார்கள். மணந்துகொள்ளக் கொழுந்தன் இல்லை. ஆகையால் தாய்வீட்டுக்குத் திரும்பிய ஒர்பாளைக் குறைசொல்வது நியாயமன்று. இறந்தவர்களுக்கும் தனக்கும் தயை செய்தவர்கள் என்று நகோமியே இருவரையும் வாழ்த்துகிறாள். ரூத் நகோமியோடு பெத்லகேமுக்குப் போவதற்குக் காரணம், “உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம், உம்முடைய தேவன் என்னுடைய தேவன்” என்று அவள் தானாகவே எடுத்த தீர்மானம். மோவாபியர் கர்த்தருடைய சபைக்கு உட்படலாகாது என்னும் உபாகமம் 23:3 வசனத்தையும் இங்கே சேர்த்துப் படித்தால், அந்தப் பெண் எத்தகைய ஊருக்குத் துணிந்து புறப்பட்டாள் என்பது மனத்தில் பதியும்.

இரண்டாம், மூன்றாம் அதிகாரங்களை இயல்பான வேகத்தில் படிக்கலாம், நான்காவதில் நிதானியுங்கள். பெத்லகேமின் பட்டணவாசலில் மூப்பர் பத்துப்பேரை உட்காரவைத்து, தன்னைவிட நெருங்கிய சுதந்தரவாளியிடம் (மீட்கும் உரிமையுள்ள உறவினனிடம்), ரூத் கதிர் பொறுக்கிய வயலின் சொந்தக்காரனும் எலிமெலேக்கின் உறவினனுமான போவாஸ் முதலில் எலிமெலேக்கின் நிலத்தைப் பற்றி மட்டும் பேசுகிறான். அந்தச் சுதந்தரவாளி உடனே சம்மதிக்கிறான். நிலத்தோடு ரூத்தையும் ஏற்று, இறந்தவன் பெயரை நிலைநிறுத்த வேண்டும் என்றதும், தன் சுதந்தரம் (பரம்பரைச் சொத்து) கெடும் என்று பின்வாங்குகிறான். அவன் கணக்கு விளங்கத்தக்கதே: நிலத்துக்குப் பணம் கொடுப்பவன் அவன், பிறக்கும் பிள்ளையோ மக்லோனின் வாரிசாகி அந்த நிலத்தைப் பெறுவான். இங்கே பாதரட்சையைக் கழற்றிக் கொடுப்பவன் அவனே; துப்புதலும் இல்லை, அவமானப் பெயரும் இல்லை. மறுத்தவன் தண்டிக்கப்படவில்லை, ஆனால் அவன் பெயரைக் கதை கடைசிவரை சொல்லவேயில்லை. இறந்தவனின் சகோதரனல்லாத போவாஸோ, நிலச்சட்டத்தையும் திருமணச்சட்டத்தையும் இணைத்து, எழுத்தின்படி தன்னைக் கட்டாயப்படுத்தாத சுமையை ஏற்றுக்கொள்கிறான்.

முடிவிலுள்ள வம்ச வரலாற்றைத் தாண்டிச் செல்லாதீர்கள். மக்லோனின் பெயர் நிலைக்க வேண்டும் என்பதற்காகச் செய்த திருமணம் அது; இருந்தும் தாவீதின் பாட்டனான ஓபேத்தின் தகப்பனாக அங்கே எழுதப்பட்டிருப்பது போவாஸின் பெயர். பிள்ளை பிறந்தது நகோமிக்கு என்றே அயல்வீட்டுப் பெண்கள் சொல்கிறார்கள். ஏழு குமாரரைவிட அருமையானவள் என்று அவர்கள் போற்றுவது, சட்டம் ஒன்றுமே கேட்டிராத மருமகளை.

அடுத்து எங்கே போவது என்பதை 4:12 காட்டுகிறது: வாசலில் கூடியிருந்தவர்கள் தாமாரையும் அவள் யூதாவுக்குப் பெற்ற பேரேசையும் சொல்லி வாழ்த்துகிறார்கள். ஆதியாகமம் 38-ஐ அதே தாளோடு படியுங்கள். அங்கே யூதாவின் மகன் ஓனான், இறந்த அண்ணனின் மனைவி தாமாருக்குச் செய்யவேண்டிய கடமையைச் செய்வதுபோல் காட்டி ஏய்க்கிறான். யூதா தன் இளைய மகன் சேலாவை அவளுக்குக் கொடாமல் காலம் கடத்துகிறான். தாமார் தன் உரிமையைத் தானே தேடிப் பெற, தன்னைவிட அவளே நீதியுள்ளவள் என்று யூதா ஒப்புக்கொள்கிறான்.