அரசு அலுவலகத்தின் முடிவில் செயற்கை நுண்ணறிவின் பங்கு உண்டா? கண்டறியும் வழி

உதவித்தொகை விண்ணப்பம் தள்ளுபடியானாலும், வரிக் கணக்கு திடீரென ஆய்வுக்கு எடுக்கப்பட்டாலும், அதன் பின்னால் ஒரு மென்பொருள் இருக்க வாய்ப்புண்டு. நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை பெற்ற ஆயிரக்கணக்கான பெற்றோர் மீது மோசடிப் பழி சுமத்தப்பட்டது. விண்ணப்பங்களைத் தரம்பிரித்த மென்பொருள், விண்ணப்பதாரர் வெளிநாட்டுக் குடியுரிமை உடையவரா என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டது பின்னர்தான் வெளிவந்தது. இந்த விவகாரத்தில் அந்நாட்டு அமைச்சரவையே 2021 ஜனவரியில் பதவி விலகியது. பாதிப்பு நேர்ந்த பிறகு விசாரிப்பதைவிட முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வது நம் உரிமை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

படி 1: ஒரே ஒரு முடிவைத் தேர்ந்தெடுங்கள்

"அரசு செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துகிறதா?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதிலே வரும். எந்த அலுவலகம், எந்தத் திட்டம், எந்த முடிவு என்பதை ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள்.

படி 2: பொதுப் பதிவேட்டைத் தேடுங்கள்

ஆம்ஸ்டர்டாம், ஹெல்சிங்கி ஆகிய நகரங்கள் 2020 செப்டம்பரில் தங்கள் அல்காரிதப் பதிவேடுகளை, அதாவது முடிவெடுக்க உதவும் மென்பொருள்களின் பட்டியல்களை, மக்கள் பார்வைக்கு வைத்தன. பிரிட்டனில் இதற்கென ஒரு பதிவு முறை 2021 முதல் உள்ளது. அமெரிக்கக் கூட்டாட்சித் துறைகள் செயற்கை நுண்ணறிவுப் பயன்பாட்டுப் பட்டியல்களை வெளியிடுகின்றன. கனடாவில் தானியங்கி முடிவுகளுக்கான தாக்க மதிப்பீடுகள் (மக்கள் மீதான விளைவை ஆராயும் அறிக்கைகள்) வெளியிடப்பட வேண்டும். தேடும்போது "செயற்கை நுண்ணறிவு" என்ற சொல்லோடு நின்றுவிடாதீர்கள். இடர் மதிப்பீடு, தரவரிசை, மோசடி கண்டறிதல், தானியங்கிச் சரிபார்ப்பு என்று அந்த மென்பொருள் செய்யும் வேலையின் பெயரிலும் தேடுங்கள். பட்டியலில் இல்லை என்பதாலேயே பயன்பாடு இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம்: ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 செயற்கை நுண்ணறிவுச் சட்டம்கூடக் காவல், குடியேற்றம் போன்ற துறைகளின் பதிவுகளைப் பொதுமக்கள் காண முடியாத தனிப் பகுதியில் வைக்கிறது.

படி 3: பதிவை வரிவரியாகப் படியுங்கள்

நோக்கம், பயன்படுத்தும் தரவு, உருவாக்கிய நிறுவனம், சோதனையில் உள்ளதா நடைமுறைக்கு வந்துவிட்டதா ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அதிக நேரம் செலவிட வேண்டிய இடம், மனிதரின் பங்கு பற்றிய பகுதி. "இறுதி முடிவை அதிகாரியே எடுப்பார்" என்ற வரி அங்கே பெரும்பாலும் இருக்கும். அதைப் படித்ததும் நிம்மதி அடைந்துவிடக் கூடாது. அதிகாரியின் திரையில் ஒரு மதிப்பெண் மட்டும் தெரிகிறதா, அதற்கான காரணங்களும் தெரிகின்றனவா? மென்பொருளின் பரிந்துரையை அவர் எத்தனை முறை மாற்றியிருக்கிறார்? மாற்றினால் தனியாக விளக்கம் எழுத வேண்டுமா? ஏற்பதற்கு ஒரு சொடுக்கும் மறுப்பதற்கு ஒரு பக்க விளக்கமும் தேவைப்படும் இடத்தில், அதிகாரியின் அதிகாரம் பெயரளவிலேயே இருக்கும். 2023 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், ஒரு தனியார் கடன் மதிப்பெண் வழக்கில், முடிவெடுப்பவர் அந்த மதிப்பெண்ணையே பெரிதும் சார்ந்திருந்தால் மதிப்பெண் இடுவதே ஒரு தானியங்கி முடிவுதான் என்று தீர்ப்பளித்தது.

படி 4: டெண்டர் ஆவணங்களைப் பாருங்கள்

பதிவேடே இல்லாத இடங்களில் இதுவே நல்ல வழி. மென்பொருள் வாங்கப்பட்டிருந்தால், அது என்ன செய்ய வேண்டும் என்பது டெண்டர் அறிவிப்பில் எழுதப்பட்டிருக்கும்.

படி 5: தகவல் கோரி எழுதுங்கள்

தகவல் உரிமைச் சட்டங்கள் பொதுவாகக் கையிருப்பில் உள்ள பதிவுகளுக்கே பொருந்தும். ஆகவே கருத்தைக் கேட்காமல் ஆவணத்தைக் கேளுங்கள். இப்படி எழுதலாம்:

"மேற்படி திட்டத்தின் விண்ணப்பங்களை வகைப்படுத்தவோ மதிப்பெண் இடவோ பயன்படும் மென்பொருளின் கொள்முதல் ஒப்பந்தம், துல்லியச் சோதனை அறிக்கை, தாக்க மதிப்பீடு, அலுவலர்களுக்கான பயன்பாட்டுக் கையேடு ஆகியவற்றின் நகல்களை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஏதேனும் பகுதியை வெளியிட இயலாது எனில், அதை மட்டும் மறைத்து எஞ்சியவற்றை, மறுப்புக்கான சட்டப்பிரிவைக் குறிப்பிட்டு வழங்கவும்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். வணிக ரகசியம் என்ற காரணத்தைச் சொல்லி முழுக் கோப்பையும் மூடிவைப்பதற்கு எதிராக உங்கள் கையில் இருக்கும் பிடி அதுதான்.

படி 6: உங்களைப் பற்றிய முடிவைத் தனியாகக் கேளுங்கள்

உங்களைப் பற்றிய முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்று மனு செய்து கேட்க, தனிப்பட்ட விவரங்களைக் காக்கும் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வேறொரு வாசலைத் திறக்கிறது. பிரான்ஸில் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அல்காரிதத்தைக் கொண்டு எடுக்கப்பட்ட தனிநபர் முடிவில் அதைக் குறிப்பிட வேண்டும். கேட்பவருக்கு அதன் முக்கிய விதிகளையும் தெரிவிக்க வேண்டும். இந்த மனுவையும் படி 5 மனுவையும் ஒரே கடிதத்தில் கலக்காமல் தனித்தனியே அனுப்பி, தேதியையும் ஒப்புகை எண்ணையும் பத்திரப்படுத்துங்கள். மூல முடிவின் மீதான மேல்முறையீட்டுக் கெடு, தகவல் மனு நிலுவையில் இருப்பதால் தானாக நீளாது என்றே வைத்துக்கொண்டு, மேல்முறையீட்டை உரிய காலத்தில் தாக்கல் செய்துவிடுங்கள்; ஆவணங்கள் கைக்கு வந்ததும் அவற்றைக் கூடுதல் சான்றாக ஏற்கும்படி கேட்கலாம்.