சுன்-லியைக் கையில் எடுத்ததும் செய்யும் தவறுகள்

ஸ்ட்ரீட் ஃபைட்டர் என்ற சண்டை வீடியோ கேமை முதன்முதலாக ஆடுகிறவரிடம் கண்ட்ரோலரைக் கொடுத்து, அதில் வரும் சீனப் பெண் சுன்-லியை எடுக்கச் சொல்லுங்கள். முதல் பத்து நொடியில் என்ன நடக்கும் என்று திரையைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். ஒரு தாவல், காற்றில் ஒரு உதை, இறங்கியதும் மறுபடி தாவல், இடையிடையே உதை பட்டன்களைப் போட்டுக் குத்து குத்தென்று குத்துவது. எதிரில் இருப்பவருக்குக் கொஞ்சம் ஆட்டம் தெரிந்திருந்தால் ஒவ்வொரு தாவலுக்கும் தாடையில் ஒன்று விழும். மூன்று ரவுண்டு போனதும் 'இந்தப் பொண்ணு வேஸ்ட்' என்று கென் என்ற இன்னொரு பாத்திரத்துக்கு மாறிவிடுவார்கள்.

அவர்கள்மேல் முழுத் தப்பையும் போட முடியாது. அந்தக் கால்களைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். 1991-ல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-க்காக அகிரா யசுதா வரைந்த உருவத்தில் முதலில் கண்ணில் படுவதே அதுதானே. ஆனால் சுன்-லி உதைத்து ஜெயிக்கிற ஆள் இல்லை, நடந்து ஜெயிக்கிற ஆள். கீழே சொல்லப்போகும் தவறுகளில் பாதி, இது பிடிபடாததால் வருபவை. பட்டன் விவரங்கள் எல்லாம் 2023-ல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-ஐ வைத்து.

பட்டனைக் குத்துவதில் தொடங்குவோம். பழைய பாகங்களில் உதை பட்டனை விடாமல் தட்டினால் ஹ்யகுரெட்சுக்யகு, அதாவது அந்த மின்னல் உதை, தானாக வரும். அந்தப் பழக்கம் கையில் ஊறிப்போனவர்கள் இன்றும் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். 2016-ல் வந்த ஐந்தாம் பாகத்திலேயே அது மாறிவிட்டது. இப்போது கீழிருந்து முன்பக்கம் கால்வட்டம் போட்டு ஒரே ஒரு உதை பட்டன். தட்டத் தட்ட வருவது வெறும் சின்ன உதைகள்தான். அதற்குள் எதிராளி வந்து தூக்கி எறிந்துவிட்டுப் போய்விடுவார்.

அடுத்தது சார்ஜ், அதாவது ஒரு திசையைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்து வைப்பது. கையைக் கட்டிப்போடுகிற விஷயம் இதுதான், கொஞ்சம் நின்று பார்க்கலாம். கிகோகென் என்கிற அந்தச் சக்திப் பந்தை விடப் பின்பக்கம் அழுத்திப் பிடித்திருந்து, பிறகு முன்பக்கம் தட்டி, குத்து பட்டனை அழுத்த வேண்டும். பிடித்திருக்கும் நேரம் ஒரு நொடிக்கும் கொஞ்சம் குறைவு. புதிதாக ஆடுகிறவர் பந்து விட வேண்டும் என்று முடிவெடுத்த பிறகு பிடிக்கத் தொடங்குகிறார். எதிராளியைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிறார், இப்போது விடலாம் என்று தோன்றியதும் பின்னால் இழுக்கிறார், பொறுமையில்லாமல் சீக்கிரமே முன்னால் தள்ளிவிடுகிறார். பந்து வராது, ஒரு குத்து மட்டும் காற்றில் போகும். சார்ஜ் எப்போதும் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு உதை உதைக்கும்போதும், அடியைத் தடுக்கும்போதும், கீழே விழுந்து எழும்போதும் கட்டைவிரல் கீழ்-பின் மூலையிலேயே கிடக்கட்டும். அந்த மூலையில் பிடித்தால் பந்துக்கான பின் சார்ஜும் ஸ்பின்னிங் பேர்ட் கிக் என்ற சுழல் உதைக்கான கீழ் சார்ஜும் ஒன்றாக ஏறும். தரையில் வருகிற அடியையும் தடுக்கலாம்.

சரி, அப்படியானால் மூலையிலேயே உட்கார்ந்துகொண்டு பந்தாக விட்டுக்கொண்டிருக்கலாமா? நிறையப் பேர் இங்கேதான் அடுத்த குழியில் விழுகிறார்கள். சுன்-லியின் நடை வேகம். குத்து பட்டன் மூன்றில் வலு குறைந்ததை அழுத்தினால் பந்து மெதுவாகப் போகும். பந்தை விட்டுவிட்டு அங்கேயே நின்றால் அந்த மெதுவான பந்தால் ஒரு பயனும் இல்லை, அதன் பின்னாலேயே நடந்து போக வேண்டும். எதிராளி பந்தைத் தடுத்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் அவர் பக்கத்தில் நிற்பீர்கள். அங்கிருந்து தாழ்ந்து ஒரு உதையா, பிடித்துத் தூக்கி எறிவதா என்பது உங்கள் விருப்பம். முன்னால் நடந்தால் சார்ஜ் போய்விடுமே என்றால், போகும்தான். எப்போது நடப்பது, எப்போது பிடித்து வைப்பது என்ற இந்த இழுபறிதான் அவளை ஆடுவதன் ருசி. முதல் ஒரு மாதம் நான் பந்தை மட்டும் விட்டுக்கொண்டிருந்தேன். பந்துக்குப் பின்னால் நடக்கத் தொடங்கிய வாரம்தான் ரேங்க் மேட்சில் புள்ளி ஏற ஆரம்பித்தது.

எதிராளி தலைக்கு மேலே தாவி அந்தப் பக்கம் போய்விட்டால் பின்பக்கம் முன்பக்கமாகிவிடும். பின் சார்ஜ் காலி. கீழ் சார்ஜ் மட்டும் அப்படியே இருக்கும். பதறிப்போய் முன்னால் தள்ளாமல் இறங்கும் அடியை முதலில் தடுத்துவிட்டு, புதிய மூலைக்கு விரலை மாற்றுங்கள்.

ஸ்பின்னிங் பேர்ட் கிக்கைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. தலைகீழாகச் சுழன்று பறக்கிற அழகில் மயங்கி எல்லோரும் தூரத்திலிருந்து அதையே ஏவுகிறார்கள். எதிராளி தடுத்துவிட்டால், சுழன்று முடித்து அவர் எதிரில் நிற்கும்போது அவர் நிதானமாக யோசித்து அடிப்பார். காம்போவின், அதாவது தொடர் அடியின், கடைசியில், அடி ஏற்கெனவே பட்டுக்கொண்டிருக்கும்போது போடுங்கள். அதை முதல் அடியாகப் போடாதீர்கள்.

கைகளை மெல்ல அசைத்து நிற்கிற அந்த நிலையும் இப்படித்தான். ஆறாம் பாகத்தில் அதிலிருந்து ஆறு பட்டனுக்கும் ஆறு வேறு அடிகள் வரும். ஆனால் அந்த நிலையில் நின்றுகொண்டு தடுக்க முடியாது. யோசிப்பதற்கான இடம் அது இல்லை. என்ன அடிக்கப்போகிறோம் என்பதை முடிவு செய்த பிறகே உள்ளே போக வேண்டும்.

சூப்பரை, அதாவது கேஜ் என்ற சக்திப் பட்டை நிரம்பினால் விட முடிகிற பெரிய அடியை, கண்ணை மூடிக்கொண்டு விடும் தவறுக்கு, இந்த வகை விளையாட்டு உலகமே பார்த்த ஒரு உதாரணம் உண்டு. 2004, கலிஃபோர்னியாவில் ஈவோ என்ற சண்டை விளையாட்டுப் போட்டி. ஆட்டம் 3-ஆம் பாகத்தின் கடைசிப் பதிப்பான தேர்ட் ஸ்ட்ரைக். ஜஸ்டின் வாங் ஆடியது சுன்-லி, டைகோ உமெஹாரா ஆடியது கென். டைகோவிடம் மிச்சம் ஒரு நூலளவு உயிர். தடுத்தாலும் சொட்டுச் சொட்டாக இறங்கும் சேதத்திலேயே சாய்ந்துவிடுவார். ஜஸ்டின் ஹோயோகுசென் என்ற சூப்பரை விட்டார், சுன்-லி வரிசையாக உதைத்துக்கொண்டு வந்தாள். அந்தப் பாகத்தில் அடி படுகிற அதே கணத்தில் முன்பக்கம் தட்டினால் சேதமே இல்லாமல் தட்டிவிடலாம். டைகோ பதினைந்து உதைகளையும் ஒன்றுவிடாமல் தட்டினார், கடைசி உதையைக் காற்றில் தாவி. இறங்கி, தன் காம்போவைப் போட்டு ஆட்டத்தை முடித்தார். கூட்டம் எழுந்து கத்திய அந்த வீடியோ இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. டைகோ அந்தத் தொடரின் இறுதிப் போட்டியில் தோற்றது பலருக்கு நினைவிலேயே இல்லை.

ஜஸ்டினை யாரும் மட்டமான ஆட்டக்காரர் என்று சொல்ல முடியாது. அந்தத் தருணத்தில் அவர் என்ன செய்வார் என்பதற்கு எதிராளிக்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது, பிரச்சினை அங்கேதான். நம் தெருமுனை அளவு ஆட்டத்திலும் கதை அதுவே. கேஜ் நிரம்பியதும் கை பரபரக்கும், எதிராளி அதற்காகவே காத்திருப்பார். தாழ்ந்து உதைத்த உதை பட்டதா இல்லையா என்று கண்ணால் பார்த்த பிறகு சூப்பருக்குப் போகப் பழகுங்கள். ட்ரைனிங் மோடில் எதிர் பொம்மையைச் சில முறை தடுக்கவும் சில முறை வாங்கவும் வைத்து, பட்டால் மட்டும் விடுவது என்று ஒரு அரைமணி உட்கார்ந்தால் வித்தியாசம் தெரியும்.

ஆடாமல் எழுதுகிறவர்களும் சில தவறுகள் செய்கிறார்கள். வீடியோ கேம் சண்டையில் முதல் பெண் சுன்-லிதான் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவது ஒன்று. டைட்டோ நிறுவனத்தின் டைஃபூன் கேல் 1985-லேயே ஒரு ஜூடோ பெண்ணை நாயகியாக வைத்தது. சுன்-லி பெற்ற புகழ் வேறு எந்த முன்னோடிக்கும் கிடைக்கவில்லை என்று எழுதுங்கள், யாரும் மறுக்க மாட்டார்கள். முதல் ஆட்டத்திலேயே பந்து விட்டாள் என்பதும் தப்பு. கிகோகென் வந்தது 1992-ன் ஹைப்பர் ஃபைட்டிங் பதிப்பில்.

சுன்-லியின் அப்பாவைக் கொன்றவன் பெயரில் பெரிய குழப்பம். ஷடாலூ என்ற குற்றக் கும்பலின் தலைவனான அவனுக்கு ஜப்பானில் வேகா என்று பெயர், வெளிநாட்டுப் பதிப்பில் எம். பைசன். ஜப்பானில் பைசன் என்பது குத்துச்சண்டைக்காரன். மைக் டைசனை நினைவுபடுத்தும் அந்தப் பெயரால் வழக்கு வந்துவிடுமோ என்ற பயத்தில் இன்னொருவனையும் சேர்த்து மூன்று பேரின் பெயரையும் சுற்றி மாற்றிவிட்டார்கள். ஜப்பானிய மூலத்தைப் பார்த்து எழுதினால் எந்தப் பெயர் யாருக்கு என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், இன்டர்போல் அதிகாரி என்பதும் பழைய கதை. ஆறாம் பாகத்தில் அவள் முன்னாள் அதிகாரிதான். மெட்ரோ சிட்டியின் சீனர் தெருவில் லி-ஃபென் என்ற சிறுமியை வளர்த்துக்கொண்டு, அக்கம்பக்கத்தாருக்குக் குங்ஃபூ சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர்.

பெயரைத் தமிழில் எழுதியதும் 'சுண்டல்' மாதிரி மெலிதாக வாசித்துவிடுகிறோம். 'அச்சு' என்னும்போது வருகிற சகரம் அது. ஜெயித்ததும் சின்னப் பெண் போலக் குதித்துக் குதித்து அவள் கத்துகிற 'யட்டா'வைச் சீனம் என்று நினைப்பவர்களும் உண்டு. சீனப் பெண்ணாக இருந்தாலும் அவள் கத்துவது சுத்தமான ஜப்பானிய மொழி.