கல்லடைப்புக்குத் தண்ணீரை மட்டும் குறை சொல்லாதீர்கள்: குடல் அழற்சி உள்ளவர்கள் செய்யும் தவறுகள்

பாம்பனிலிருந்து தொண்டி வரை யாருக்குக் கல்லடைப்பு வந்தாலும் பழி உப்புத் தண்ணீர் மேல்தான். குடலை நாள்பட்டுப் புண்ணாக்கும் அழற்சியான குரோன்ஸ் நோய் உள்ளவருக்கு அது பாதிக் கதைகூட இல்லை. சிறுகுடலின் கடைசிப் பகுதி புண்ணாகியிருந்தாலோ வெட்டி எடுத்திருந்தாலோ கொழுப்பு உடம்பில் சரியாகச் சேராது. குடலில் தங்கும் அந்தக் கொழுப்பு கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். கால்சியத்தோடு சேர்ந்து மலத்தில் போக வேண்டிய ஆக்சலேட் (கீரை, கொட்டைகளில் உள்ள ஒரு பொருள்), பெருங்குடல் வழியாக ரத்தத்துக்குப் போய், கடைசியில் சிறுநீரகத்தில் கல்லாகிறது.

இது தெரியாமல், கல் என்றதும் பால், தயிரை நிறுத்திவிடுகிறார்கள். நேர்மாறான வேலை! தயிரும் மோரும் ஒத்துக்கொண்டால் சாப்பாட்டோடு சேர்த்துக்கொள்ளுங்கள். ஒத்துக்கொள்ளாதவர்கள் கால்சியம் மாத்திரை பற்றி டாக்டரிடம் கேட்கலாம். குறைக்க வேண்டியது பாலக்கீரை, முந்திரி, பாதாம், எண்ணெயில் பொரித்தவை.

அடுத்தது, இந்த நோயால் அடிக்கடி பேதியாகியும் கடலுக்குப் போகிறவர்களின் பழக்கம். நாட்டுப்படகில் கக்கூசுக்கு எங்கே போவது? அதற்குப் பயந்து முதல் நாள் சாயங்காலமே தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். அதனால் பேதி நிற்பதில்லை, சிறுநீர்தான் சுண்டி மஞ்சளாகிறது. பேதியில் உடம்பின் காரத்தன்மையும் வெளியேறுவதால் சிறுநீரில் அமிலம் கூடி, யூரிக் அமிலக் கல்லும் உருவாகலாம். பேதி அதிகமென்றால் வெறும் தண்ணீர் போதாது. 1 லிட்டர் தண்ணீரில் கலக்கும் ஓஆர்எஸ் பாக்கெட்டைக் கரைத்துப் படகிலேயே வைத்துக்கொள்ளலாம். சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவர்கள் மட்டும் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். இளநீரும் அவர்களுக்கு ஆகாமல் போகலாம்.

மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் டைக்ளோஃபினாக் கேட்டு வாங்குவது இன்னொன்று. அது குடல்புண்ணைக் கிளப்பும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். குடல் அழற்சிக்குக் கொடுக்கும் மெசலமைன் நல்ல மருந்துதான், ஆனால் அரிதாகச் சிலருக்குச் சிறுநீரகத்தைப் பாதிக்கும், அதுவும் வலி காட்டாமல். வயிறு சரியாகிவிட்டது என்று, சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா எனக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம், பெண்களும் ஆண்களும் சொல்லக் கூசும் ஒன்று: சிறுநீரோடு காற்று குமிழியிட்டு வருவது. அடிக்கடி நீர்க்கடுப்பும் வந்தால் சூடு என்று சொல்லி நுங்கும் பதநீரும் குடித்துச் சமாளிக்கிறார்கள். குடலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையே புரையோடி வழி விழுந்திருக்கலாம். கூச்சத்தை விட்டு, குடல் டாக்டரிடமே சொல்லுங்கள்.

விலா ஓரத்து வலியோடு குளிர் காய்ச்சலும் சேர்ந்தால் வாழைத்தண்டுச் சாறு குடித்துப் பார்க்க நேரமில்லை. அடைபட்ட சிறுநீரில் கிருமி இருக்கலாம், அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.