தேர்தல் காலத்து இதழ் அட்டைகளில் ஒருதலைச் சார்பைக் கண்டறிவது எப்படி?

தேர்தல் நேரத்தில் ஒரு வார இதழை வாங்கிப் படிப்பவர்களைவிட, அதன் அட்டையைக் கடையிலோ கைப்பேசியிலோ பார்த்துவிட்டுக் கடந்து போகிறவர்களே அதிகம். கட்டுரையின் நிதானம் அவர்களைச் சென்று சேர்வதில்லை. ஒரு முகமும் நான்கைந்து சொற்களும் மட்டுமே மனத்தில் தங்குகின்றன. அதனால் அட்டையையும் ஒரு கட்டுரையைப் போலவே வாசிக்கப் பழக வேண்டும். அமெரிக்க இதழ்களின் அட்டைகளை, குறிப்பாக 2008ஆம் ஆண்டு அதிபர் தேர்தல் காலத்தில் வந்தவற்றை, வைத்து அந்த வழியை இங்கே விளக்குகிறேன்.

முதலில் கண்ணைப் பழக்க, தேர்தலோடு தொடர்பில்லாத ஓர் இணையை எடுத்துக்கொள்ளுங்கள். 1994 ஜூனில் முன்னாள் அமெரிக்க விளையாட்டு வீரர் ஓ.ஜே. சிம்ப்சன் கொலைக் குற்றச்சாட்டில் கைதானபோது, காவல் துறை எடுத்த ஒரே படத்தை டைம், நியூஸ்வீக் இரண்டும் அட்டையில் இட்டன. நியூஸ்வீக் படத்தை உள்ளபடியே அச்சிட்டது. டைம் இதழிலோ முகத்தின் நிறம் கருமையாக்கப்பட்டு, ஓரங்கள் நிழலில் அமிழ்த்தப்பட்டிருந்தன. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒளியைக் குறைப்பது மட்டுமே ஒரு மனிதரை எவ்வளவு அச்சமூட்டுபவராகக் காட்டிவிடும் என்பது புரியும்.

இவ்வாறு படத்தையே மாற்றுவது அரிது, கண்டுபிடிப்பதும் எளிது. பெரும்பாலான சார்பு, எடுத்த படங்களுள் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதிலேயே நுழைந்துவிடுகிறது. எனவே தலைப்பைக் கையால் மறைத்துக்கொண்டு முகத்தை மட்டும் பாருங்கள். ஒளி எங்கிருந்து விழுகிறது, காமிரா முகத்துக்கு மேலே இருந்ததா கீழே இருந்ததா, வாய் மூடியிருக்கிறதா, பேச்சின் நடுவே பிடிபட்டதா என்று ஒவ்வொன்றாகக் கவனியுங்கள். 2008 அக்டோபர் அட்லாண்டிக் இதழுக்காகக் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஜான் மெக்கெய்னைப் படமெடுத்த ஒளிப்படக் கலைஞர் ஜில் கிரீன்பெர்க், அதே அமர்வில் கீழிருந்து ஒளி பாய்ச்சி, முகத்தில் கோரமான நிழல் விழும்படியும் ஒரு படம் எடுத்தார். பிறகு தம் இணையதளத்தில் மெக்கெய்னை இழிவுபடுத்தும் வகையில் மாற்றிய படங்களை வெளியிட்டார். இதழ் அவருடைய செயலைக் கண்டித்தது. அட்டையில் வந்தது கண்ணியமான படம்தான். ஆனால் ஒரே மனிதர், ஒரே அமர்வு, விளக்கின் இடம் மட்டும் வேறு என்பதை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

அடுத்தது தொலைவு. நான் மிகவும் முக்கியமாகக் கருதுவது இதையே. 2008 அக்டோபர் 13 தேதியிட்ட நியூஸ்வீக் அட்டையில் மெக்கெய்னின் துணை அதிபர் வேட்பாளர் சாரா பேலினின் முகம் பக்கம் முழுவதையும் நிறைத்திருந்தது. தோலின் நுண்துளைகளும், கண்ணோரச் சுருக்கங்களும், மெல்லிய ரோமங்களும்கூடத் தெரிந்தன. படத்தை டச்சப் செய்யாமல் வெளியிட்டது அவமதிப்பு என்று குடியரசுக் கட்சி ஆதரவாளர்கள் சினந்தார்கள். ஆனால் செய்திப் படத்தை மெருகேற்றாமல் வெளியிடுவதுதான் இதழியல் நெறி. அந்த வகையில் நியூஸ்வீக் செய்தது தவறாகாது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: எதிரணி வேட்பாளரின் முகத்தையும் இதே நெருக்கத்தில், இதே கூர்மையில் அந்த இதழ் எப்போதாவது காட்டியதா? ஓர் அட்டையைத் தனியாக வைத்துக்கொண்டு இதற்கு விடை காண முடியாது. ஒரே இதழின் ஓராண்டு அட்டைகளைச் சேர்த்து, வேட்பாளர்வாரியாகப் பிரித்து, தொலைவு, ஒளி, பார்வை ஆகியவற்றை எழுதி ஒப்பிட்டால்தான் சார்பு இருக்கிறதா என்று சொல்ல இயலும்.

இப்போது மறைத்த தலைப்பைத் திறந்து, அது படத்தோடு சேர்ந்து என்ன சொல்கிறது என்று பாருங்கள். 2011 ஆகஸ்டில் நியூஸ்வீக், குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராகும் போட்டியிலிருந்த மிஷெல் பாக்மனை அகல விரிந்த விழிகளோடு காட்டி, "சினத்தின் அரசி" என்ற பொருளில் தலைப்பிட்டது. அவருடைய அரசியலோடு சற்றும் உடன்படாத அமெரிக்கத் தேசிய மகளிர் அமைப்பே அதைக் கண்டித்து, ஓர் ஆணை "சினத்தின் அரசர்" என்று யார் அழைத்திருக்கிறார்கள் என்று கேட்டது. இந்தக் கேள்வியையே சோதனையாகக் கொள்ளலாம்: நீங்கள் ஆதரிக்கும் தலைவரின் முகத்தையும் பெயரையும் அந்த இடத்தில் மனத்தால் பொருத்தி, அப்போதும் அட்டை உறுத்தாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

படம் எதற்காக எடுக்கப்பட்டது என்பதையும் உள்பக்கத்துப் படக் குறிப்பில் தேடுங்கள். 2009 நவம்பரில் நியூஸ்வீக் அட்டையில் பேலின் ஓட்டப் பயிற்சிக்கான அரைக்கால் உடையில் நின்றார். அது ரன்னர்ஸ் வேர்ல்டு என்ற ஓட்ட இதழுக்காக எடுத்த படம். அங்கே இயல்பாக இருந்த உடை, அரசியல் கட்டுரையின் முகப்பில் வேறு பொருள் தந்தது.

வரைந்த அட்டைகளுக்கு அளவுகோல் சற்று மாறும். 2008 ஜூலையில் நியூயார்க்கர் அட்டையில் பாரி பிளிட், ஒபாமாவைத் தலைப்பாகையோடும் அவர் மனைவி மிஷெலைத் துப்பாக்கியோடும் வரைந்தது, அவர்களைப் பற்றிப் பரவிய வதந்திகளை நையாண்டி செய்வதற்காக. "அச்சத்தின் அரசியல்" என்ற பொருள் தரும் அதன் பெயர் அட்டையில் இல்லை, உள்ளேதான் இருந்தது. நையாண்டியைத் திறக்கும் சாவி கடையில் நிற்பவரின் கண்ணில் படுகிறதா என்று பார்ப்பதே இங்கு முறை.

தற்செயலானவற்றைச் சதியென்று எண்ணிவிடவும் கூடாது. டைம் இதழின் பெயரிலுள்ள எம் எழுத்து, நடுவில் நிற்பவரின் தலைக்குப் பின்னால் கொம்புபோல் தெரியும். டிரம்புக்கும் ஹிலாரி கிளிண்டனுக்கும் மட்டுமல்லாமல் போப் பிரான்சிசுக்கும் அப்படித் தெரிந்தது. உங்கள் குறிப்புகளை முடித்த பிறகு, உங்களுக்குப் பிடிக்காத கட்சியை ஆதரிக்கும் நண்பர் ஒருவரிடம் அதே அட்டைகளைக் கொடுத்து, அவரையும் தனியே எழுதச் சொல்லி, இருவரும் ஒத்துப்போகும் இடங்களை மட்டும் முடிவாக எடுத்துக்கொள்ளுங்கள்.