குழந்தைகளுக்கு ஓட்டு: ஜனநாயகப் பள்ளி விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளியைப் பிள்ளைகளும் சேர்ந்து நடத்தலாம் என்றதும், 'அப்போ கட்டுப்பாடே இருக்காதா?' என்று கேட்கிறார்கள். முதல் தவறு இதுதான். ஏ. எஸ். நீல் 1921-இல் தொடங்கி, இன்று இங்கிலாந்தின் சஃபோக்கில் நடக்கும் சம்மர்ஹில் பள்ளியில் விதிகளுக்குப் பஞ்சமே இல்லை. தூங்கப்போகும் நேரத்துக்குக்கூட விதி உண்டு. அவற்றைப் போடுவது மாணவரும் ஆசிரியரும் சேர்ந்து கூடும் பள்ளிக் கூட்டம். அதில் சின்னப் பிள்ளைக்கும் ஒரு ஓட்டு, பள்ளி முதல்வருக்கும் ஒரு ஓட்டு. வகுப்புக்கு வருவது மாணவர் விருப்பம்; அட்டவணைப்படி வகுப்பு நடத்துவது ஆசிரியரின் கடமை.

இதைப் படித்து உற்சாகமாகிற பள்ளிகள் அடுத்த தவறைச் செய்கின்றன. தேர்தல் வைத்து, ஜெயித்தவருக்கு பேட்ஜ் குத்தி, வரிசையைச் சரிபார்க்கும் வேலையைக் கொடுத்துவிடுவது. அல்லது ஆண்டுவிழாவுக்கு என்ன பாட்டு என்று மட்டும் கேட்பது. பிள்ளைகள் ஏமாளிகள் இல்லை, சீக்கிரமே புரிந்துகொள்வார்கள். அமெரிக்காவில் 1968-இல் தொடங்கிய சட்பரி வேலி பள்ளியில் வரவுசெலவுக்கும் மாணவர்கள் வாக்களிக்கிறார்கள், ஒவ்வோர் ஆசிரியரும் அடுத்த ஆண்டு தொடரலாமா என்பதற்கும் வாக்களிக்கிறார்கள். சம்மர்ஹில்லில் ஆசிரியர் நியமனமும் பண விவகாரமும் கூட்டத்துக்கு வருவதில்லை. இரண்டுமே நடைமுறைதான். எது கூட்டத்தின் கையில், எது இல்லை என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். ஓட்டெடுப்பு முடிந்தபின் 'இது சரிப்படாது' என்று தலைமையாசிரியர் ஒருமுறை ரத்து செய்தால் போதும், அடுத்த கூட்டத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

சில பள்ளிகளில் புகார்களைப் பிள்ளைகளே விசாரிக்கும் மாணவர் நீதிமன்றம் உண்டு. அதை ஆசிரியருக்குப் பதிலாகத் தண்டிக்கும் கருவியாக்குவது இன்னும் மோசம். இதற்கு போலந்தின் யானுஷ் கோர்ச்சாக்கைப் பார்க்க வேண்டும். வார்சாவில் 1912 முதல் யூத அநாதைப் பிள்ளைகளுக்கான இல்லத்தை நடத்திய மருத்துவர் அவர். அங்கே நீதிபதிகள் குழந்தைகள்தான். அந்த வாரம் வழக்கில் சிக்காதவர்களிலிருந்து குலுக்கலில் தேர்வானார்கள். சட்டத் தொகுப்பின் முதல் 99 பிரிவுகளும் வழக்கைக் கைவிடவோ மன்னிக்கவோதான். பெரியவர்கள் மீதும் வழக்குப் போடலாம். கோர்ச்சாக் தன்மீதே வழக்குப் போட்டுக்கொண்டார், ஒரு பையனை அறைந்ததற்காக. ஆசிரியர்மீது புகார் கொடுக்க முடியாத மாணவர் நீதிமன்றம் வெறும் போலீஸ் வேலை என்பேன். பிள்ளைகள் அலட்சியம் செய்யத் தொடங்கியபோது அவர் நீதிமன்றத்தைச் சில வாரங்கள் நிறுத்தி, திருத்தி, மீண்டும் திறந்தார். முதல் மாதச் சொதப்பலைப் பார்த்து மூட்டை கட்டுகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

அப்புறம், இதெல்லாம் வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் என்கிற பேச்சு. சம்மர்ஹில்லும் சட்பரியும் கட்டணப் பள்ளிகள், உண்மைதான். கோர்ச்சாக்கின் பிள்ளைகளோ ஏழைகள்.

பெற்றோர் செய்யும் தவறு அவசரம். சேர்த்த வாரத்திலிருந்தே 'இன்னைக்கு என்ன படிச்சே?' என்று தினமும் துளைப்பார்கள். பழைய பள்ளியின்மீது பிள்ளைக்கு எவ்வளவு வெறுப்போ அவ்வளவு காலம் அது வகுப்புப் பக்கம் வராது என்பது நீலின் அனுபவம். சராசரியாக மூன்று மாதம் என்று எழுதினார். கான்வென்ட்டிலிருந்து வந்த ஒரு சிறுமிக்கு மூன்று வருடம் ஆனதாம். அத்தனை காலம் பொறுக்க முடியுமா என்பதைச் சேர்க்கும் முன்பே வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். பாதியில் பிடுங்கி வேறு பள்ளியில் போட்டால் பிள்ளைதான் இரண்டு முறை அல்லாடும்.